பழைய லேப்டாப்பை மெய்நிகர் கணினியின் திரையாக மாற்றுவது எப்படி?

பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிய காலத்துக் கோப்புகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. மறுபதிப்பு வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்தப் பக்கங்களை அப்படியே திறந்து, நாலு திருத்தம் போட்டு, அச்சுக்குக் கொடுப்பதுதான் சுருக்கமான வழி. எழுத்துருக்கள் எல்லாம் யுனிகோடுக்கு முந்தையவை. பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001இல். யுனிகோடு அதற்குத் தெரியாது. இன்றைய விண்டோஸ் 11இல் அதை வைத்து மல்லுக்கட்டுவதைவிட, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை (அதுதான் மெய்நிகர் கணினி) ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, அதற்குள் பேஜ்மேக்கரை ஓட்டுவது நிம்மதி. பல சின்ன அச்சகங்களில் இன்றும் ஏதோ ஒரு வடிவத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கும்.

சிக்கல் திரையில்தான். ஒரே 15 அங்குலத் திரையில் ஒரு பக்கம் பேஜ்மேக்கர், இன்னொரு பக்கம் திருத்தங்கள் வந்த கோப்பு. ஆல்ட்டும் டேபும் அழுத்தி அழுத்தி மாறுவதற்குள் எந்த வரியில் இருந்தோம் என்பதே மறந்துவிடும். மானிட்டர் வாங்கலாம். ஆனால் பரண்மேல் ஒரு பழைய லேப்டாப் நல்ல திரையோடு சும்மாதானே கிடக்கிறது, அதையே பயன்படுத்தினால் என்ன? உங்கள் மெய்நிகர் கணினிக்குள் இருப்பது பேஜ்மேக்கராக இல்லாமல் பழைய கணக்கு மென்பொருளாகவோ, படிப்புக்காகப் போட்ட உபுண்டுவாகவோ இருக்கலாம். செய்முறை ஒன்றுதான்.

இனி வெர்ச்சுவல்பாக்ஸ் ஓடும் கணினியை 'முதல் கணினி' என்கிறேன். திரையாக மாறப்போகும் பழையது 'இரண்டாவது'. மெய்நிகர் கணினியைச் சுருக்கமாக 'வி.எம்.' என்று வைத்துக்கொள்வோம்.

கேபிள் வாங்க ஓடாதீர்கள்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது எனக்கும் தோன்றியது. இரண்டு லேப்டாப்பிலும் எச்.டி.எம்.ஐ. போர்ட் இருக்கிறது, நடுவில் ஒரு கேபிள் போட்டால் போதாதா? வாங்கி வந்து இரண்டு முனைகளையும் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. கேபிள் கோளாறு என்று நினைத்துக் கடைக்குப் போய் மாற்றியும் வந்தேன். கடைக்காரரும் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார், பாவம்.

லேப்டாப்பில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. போர்ட் படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. உள்ளே வாங்கிக்கொள்ளும் சுற்று அதில் கிடையாது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்களும், ஆல்-இன்-ஒன் மேசைக் கணினிகள் சிலவும் விதிவிலக்கு. அவற்றில் போர்ட்டின் பக்கத்திலேயே 'இன்' என்று அச்சடித்திருக்கும். உங்களுடையதில் அப்படி இருந்தால் அதிர்ஷ்டம், இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். ஐமேக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2009 முதல் 2014 நடுப்பகுதி வரை வந்த பல ஐமேக்குகளை இன்னொரு மேக்கின் திரையாக்கும் 'டார்கெட் டிஸ்ப்ளே மோட்' என்ற வசதி உண்டு. ஆனால் ஐமேக்கின் இயங்குதளம் ஹை சியராவோ அதற்கு முந்தைய பதிப்போ ஆக இருக்க வேண்டும். அதனுடன் இணைக்கும் மேக்கும் 2019க்குள் வந்ததாக, அதன் இயங்குதளம் கேட்டலினா பதிப்பைத் தாண்டாததாக இருக்க வேண்டும்.

எச்.டி.எம்.ஐ. கேப்ச்சர் கார்டு என்று விரல் நீளத்தில் ஒன்று விற்கிறார்கள். ஒரு முனையில் முதல் கணினியின் எச்.டி.எம்.ஐ. கேபிள், மறுமுனை இரண்டாவது கணினியின் யு.எஸ்.பி.யில். வெப்கேமரா படம் மாதிரி ஓ.பி.எஸ்., வி.எல்.சி. போன்ற வீடியோ மென்பொருளில் திரை தெரியும். முதல் கணினி அதை நிஜ மானிட்டர் என்றே நம்பும். வேலை செய்யும்தான், ஆனால் மலிவான கார்டுகளில் மவுஸை அசைத்தபின் அம்புக்குறி சற்று யோசித்துவிட்டுத்தான் நகரும். படம் பார்க்கச் சரி. எட்டு மணி நேரம் பக்கம் கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

வி.எம். என்றால் வழி வேறு

ஒரு சின்னக் கணக்கு. 1920×1080 திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், நொடிக்கு 60 முறை என்றால், நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட்கள் போக வேண்டும். எச்.டி.எம்.ஐ. கேபிள் அவ்வளவையும் அப்படியே சுமக்கும். வீட்டில் இருக்கும் கிகாபிட் நெட்வொர்க் வயரின் கொள்ளளவே நொடிக்கு 100 கோடி பிட்தான்; வைஃபை பெரும்பாலும் அதற்கும் கீழே. ஆகவே நெட்வொர்க் வழியாகத் திரையை அனுப்பும் எந்த மென்பொருளும் படத்தைச் சுருக்கியாக வேண்டும், அல்லது மாறிய இடத்தை மட்டும் அனுப்ப வேண்டும். பக்கம் கட்டும்போது திரையில் என்ன பெரிதாக மாறுகிறது? ஒரு வரி, ஒரு மெனு. இந்த வேலைக்கு நெட்வொர்க்கே தாராளம். வீடியோ ஓட்டினால்தான் திணறும்.

இன்னொன்று. முதல் கணினியின் முழுத் திரையையும் நீட்டுவது ஒரு வேலை, வி.எம்.மின் திரையை மட்டும் வேறிடத்தில் காட்டுவது வேறு வேலை. வி.எம்.முக்கு என்று கண்ணாடித் திரை ஏதும் கிடையாது. அதன் திரை என்பது முதல் கணினியின் நினைவகத்தில் இருக்கும் ஒரு படம். அதை இங்கே ஜன்னலாகக் காட்டலாம், வயர் வழியே பக்கத்து அறையிலும் காட்டலாம், இரண்டும் இல்லாமல் திரையே இன்றி ஓடவும் விடலாம். அதற்கான கருவி வெர்ச்சுவல்பாக்ஸிலேயே இருக்கிறது. பெயர் வி.ஆர்.டி.பி. வேறொரு கணினியின் திரையை இங்கே காட்டும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் பேசும் அதே மொழியைப் பேசுவதால், இரண்டாவது கணினியில் சாதாரண ரிமோட் டெஸ்க்டாப் செயலி இருந்தாலே போதும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், படத்தை அனுப்புவது வி.எம்.முக்குள் இருக்கும் எக்ஸ்பி அல்ல, வெளியே இருக்கும் வெர்ச்சுவல்பாக்ஸ். அதனால் எக்ஸ்பிக்கு நெட்வொர்க்கே கொடுக்க வேண்டாம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8உடன் நின்றுவிட்டது. அதை இணையத்தில் விடுவது கதவைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போவது போல. வி.ஆர்.டி.பி.யில் எக்ஸ்பியின் நெட்வொர்க் கார்டை முழுக்கக் கழற்றிவிட்டாலும் திரை இரண்டாவது கணினியில் பளிச்சென்று தெரியும். எக்ஸ்பி எழும்போது வரும் கறுப்புத் திரை, லோகோ எல்லாம்கூடத் தெரியும்.

தொடங்கலாம்

வி.எம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற வெர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரல்களும் நிறுவியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் வி.எம்.மை முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். 'சேவ்டு' நிலையில் விட்டிருந்தால் செட்டிங்ஸில் பல கட்டங்கள் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும்.

அடுத்து எக்ஸ்டென்ஷன் பேக். வி.ஆர்.டி.பி. வெர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைப் பொதியில் வராது. இந்தத் துணைப் பொதியில்தான் இருக்கிறது. வெர்ச்சுவல்பாக்ஸ் தளத்தின் பதிவிறக்கப் பக்கத்தில் கிடைக்கும். உங்கள் வெர்ச்சுவல்பாக்ஸ் எந்தப் பதிப்போ அதே எண்ணுள்ள பேக்கை இறக்குங்கள். 'ஹெல்ப்' மெனுவில் 'அபவுட்' போனால் எண் தெரியும். இறக்கிய கோப்பை இரண்டு முறை சொடுக்கினால் தானாக நிறுவிக்கொள்ளும். உரிமத்தைப் பற்றி ஒரு சொல்: அடிப்படை வெர்ச்சுவல்பாக்ஸ் கட்டற்ற மென்பொருள், எங்கும் பயன்படுத்தலாம். எக்ஸ்டென்ஷன் பேக் அப்படியல்ல. சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். நிறுவனத்தில் போடுவதாக இருந்தால் அந்த உரிமத்தை ஒரு முறை படித்துவிட்டுப் போடுங்கள்.

இப்போது வி.எம்.மின் செட்டிங்ஸைத் திறந்து 'டிஸ்ப்ளே' பகுதிக்குப் போங்கள். அதில் 'ரிமோட் டிஸ்ப்ளே' என்று ஒரு டேப். கண்ணில் படவில்லையென்றால், புதிய பதிப்புகளில் செட்டிங்ஸ் ஜன்னலில் 'பேசிக்', 'எக்ஸ்பர்ட்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். எக்ஸ்பர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். 'எனேபிள் சர்வர்' என்பதில் டிக் போடுங்கள்.

அதன் கீழே போர்ட் எண், அதாவது நெட்வொர்க்கில் இந்த இணைப்புக்கான வாசல் எண். வழக்கமாக 3389 என்று இருக்கும். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பும் அதே 3389ஐத்தான் பிடித்துக்கொள்ளும். முதல் கணினியில் அது இயங்கினால் இரண்டும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடும். அதனால் தொடக்கத்திலேயே 5001 என்று மாற்றிவிடுங்கள். வெர்ச்சுவல்பாக்ஸ் கையேடே 5000 முதல் 5050 வரையுள்ள எண்களை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை என்று பரிந்துரைக்கிறது. இரண்டு வி.எம்.கள் இருந்தால் ஒன்றுக்கு 5001, மற்றதற்கு 5002.

'ஆதென்டிகேஷன் மெத்தட்' என்ற கட்டம்தான் கவனிக்க வேண்டியது. இயல்பாக 'நல்' என்று இருக்கும். அதன் பொருள் கடவுச்சொல்லே கேட்காது என்பதுதான். உங்கள் வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைத் தட்டி உங்கள் பேஜ்மேக்கருக்குள் நுழையலாம். வீட்டில் நீங்களும் உங்கள் பாட்டியும் மட்டும் என்றால், முதல் சோதனைக்கு 'நல்' இருக்கட்டும். ஓடுகிறது என்று தெரிந்ததும் 'எக்ஸ்டெர்னல்' என்று மாற்றுங்கள். அப்போது முதல் கணினியின் விண்டோஸ் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். வெறும் பின் எண் செல்லாது. விடுதி, அலுவலகம் போன்ற பொது வைஃபையில் 'நல்' பக்கமே போகாதீர்கள்.

அதே செட்டிங்ஸில் 'நெட்வொர்க்' பகுதிக்குப் போய், 'எனேபிள் நெட்வொர்க் அடாப்டர்' டிக்கை எடுத்துவிடுங்கள். எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. கோப்புகளை உள்ளே வெளியே கொண்டுபோவது எப்படி என்று கேட்பீர்கள். 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' பகுதியில் முதல் கணினியின் ஒரு கோப்புறையைச் சேர்த்து, 'ஆட்டோ மவுன்ட்' போடுங்கள். இதற்கு நெட்வொர்க் தேவையில்லை, கெஸ்ட் அடிஷன்ஸ் போதும். நான் பக்கங்களைப் பி.டி.எஃப். ஆக்கி அந்தக் கோப்புறையில்தான் போடுகிறேன். வெளியே வந்து மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளலாம்.

ஓகே கொடுத்துவிட்டு வி.எம்.மைத் தொடங்குங்கள். முதல் முறை சாதாரணமாக, ஜன்னலோடு. அப்போதுதான் விண்டோஸ் ஃபயர்வால் ஒரு கேள்வி கேட்கும்: இந்தச் செயலியை நெட்வொர்க்கில் அனுமதிக்கலாமா? 'பிரைவேட்' கட்டத்தில் டிக் போட்டு அனுமதியுங்கள். அவசரத்தில் 'கேன்சல்' அழுத்தியவர்கள் பிறகு மணிக்கணக்கில் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

எந்த முகவரியைத் தட்டுவது?

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். வி.எம்.மின் திரை வேண்டும், ஆகவே வி.எம்.மின் ஐ.பி. முகவரியைத் தேடுவோம் என்று எக்ஸ்பிக்குள் போய்ப் பார்ப்பார்கள். நெட்வொர்க்கைக் கழற்றாமல் விட்டிருந்தால் அங்கே 10.0.2.15 என்று ஏதோ இருக்கும். அதைத் தட்டினால் கதவு திறக்காது. வெர்ச்சுவல்பாக்ஸின் 'நாட்' (NAT) என்ற நெட்வொர்க் வி.எம்.முக்குக் கொடுக்கும் உள்வீட்டு முகவரி அது. வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. நமக்கு வேண்டியது முதல் கணினியின் முகவரி. படத்தை அனுப்புவது வெர்ச்சுவல்பாக்ஸ் என்று சொன்னேனே, அது குடியிருப்பது அங்கேதான்.

முதல் கணினியில் செட்டிங்ஸ், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', உங்கள் வைஃபையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' என்று போனால் 'ஐ.பி.வி.4 அட்ரஸ்' தெரியும். 192.168.1.7 என்பது போல இருக்கும். அதே பக்கத்தில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். பப்ளிக்காக இருந்தால் ஃபயர்வால் உள்ளே விடாது.

இரண்டாவது கணினியிலும் விண்டோஸ் இருந்தால், ஸ்டார்ட் மெனுவில் 'ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன்' என்று தேடுங்கள். பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு: விண்டோஸ் ஹோம் பதிப்பில் ரிமோட் டெஸ்க்டாப் ஓடாது என்று. ஹோம் பதிப்பு தன் திரையைப் பிறருக்குக் காட்டாது. பிறர் திரையைப் பார்ப்பதில் எந்தத் தடையும் இல்லை. முதல் கணினி ஹோமாக இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் இங்கே திரையைக் காட்டுவது விண்டோஸ் அல்ல. லினக்ஸ் என்றால் ரெம்மினா என்ற செயலி. சில உபுண்டு நிறுவல்களில் கூடவே வரும். 2 ஜி.பி. ராம் உள்ள கிழட்டு லேப்டாப்பில் லுபுண்டு மாதிரி இலேசான லினக்ஸைப் போட்டு ரெம்மினா ஓட்டினால் போதும். பாரம் எல்லாம் முதல் கணினியில்தான்.

முகவரிக் கட்டத்தில் 192.168.1.7:5001 என்று, நடுவில் முக்காற்புள்ளியோடு, இடைவெளி விடாமல் தட்டுங்கள். 'ஷோ ஆப்ஷன்ஸ்' திறந்தால் 'டிஸ்ப்ளே' டேபில் முழுத்திரை, 'எக்ஸ்பீரியன்ஸ்' டேபில் 'லேன்' என்று தேர்ந்தெடுக்கலாம். 'கனெக்ட்' கொடுத்ததும் சான்றிதழ் நம்பகமானதாக இல்லை என்று ஓர் எச்சரிக்கை வரலாம். முகவரி உங்களுடையதுதானா என்று பார்த்துவிட்டு 'யெஸ்' கொடுங்கள். அவ்வளவுதான், எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி பழைய லேப்டாப்பில் விரியும்.

இப்போது முதல் கணினியிலும் அதே திரை ஜன்னலாக இருக்கும். இரண்டிலும் ஒரே படம். அது தேவையில்லை. எக்ஸ்பியை மூடிவிட்டு, வெர்ச்சுவல்பாக்ஸில் 'ஸ்டார்ட்' பொத்தானின் அருகே உள்ள அம்பை அழுத்தி 'ஹெட்லெஸ் ஸ்டார்ட்' கொடுங்கள். தலையில்லாத முண்டமாக வி.எம். பின்னணியில் ஓடும், முகம் மட்டும் இரண்டாவது லேப்டாப்பில். முதல் திரை முழுக்க உங்கள் திருத்தக் கோப்புக்கு. ஃபயர்வால் இன்னொரு முறை கேட்டால் இன்னொரு முறை அனுமதியுங்கள்; ஹெட்லெஸ் என்பது வேறு ஒரு நிரல் என்பதால் அதற்குத் தனி அனுமதி.

அளவும் எழுத்தும்

பழைய லேப்டாப்களின் திரை பெரும்பாலும் 1366×768. எக்ஸ்பிக்குள்ளும் அதே அளவை வையுங்கள். பட்டியலில் 1366 இல்லாவிட்டால் 1360×768 போதும். ஓரத்தில் நூலிழைக் கறுப்பு தெரியும், பழகிவிடும். இரண்டு அளவும் பொருந்தாமல் திரையை இழுத்துக் காட்டச் சொன்னால் எழுத்தின் விளிம்பு மங்கும். மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். பிழைதிருத்துபவருக்கு இதைவிடத் தண்டனை கிடையாது.

உங்களிடம் 4:3 விகிதத்தில் 1024×768 திரை கொண்ட அரதப் பழைய லேப்டாப் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டெம்மி என்ற புத்தக அளவில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்தச் சதுரத் திரை எனக்கு அகலத்திரையைவிட வசதியாக இருக்கிறது.

தமிழ்த் தட்டச்சுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய எழுத்துருக்களுக்கான விசைப்பலகை மென்பொருள் எக்ஸ்பிக்குள் ஓடுகிறது. இரண்டாவது கணினியின் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். தமிழாக மாறுவது எக்ஸ்பிக்குள் மட்டும் நடக்கட்டும். இரண்டு இடத்திலும் தமிழ் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரே மவுஸ், ஒரே விசைப்பலகை வேண்டும் என்றால்

மேசையில் இப்போது இரண்டு விசைப்பலகைகள். அது சிலருக்கு எரிச்சல். இரண்டிலும் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் 'மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்' இருக்கிறது. நான்கு கணினிகள் வரை சேர்க்கலாம். முதல் திரையின் ஓரத்துக்கு அம்புக்குறியைத் தள்ளினால் அது இரண்டாவது திரையில் போய் எட்டிப் பார்க்கும். லினக்ஸ் கலந்திருந்தால் இதே வேலையைச் செய்யும் இன்புட் லீப் பாருங்கள். நான் பழைய லேப்டாப்பின் விசைப்பலகையையே பேஜ்மேக்கருக்கு வைத்துக்கொண்டேன். எந்தக் கை எந்த வேலைக்கு என்று பிரிந்துவிட்டதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

ரிமோட் டெஸ்க்டாப்பில் முழுத்திரையிலிருந்து வெளியே வர கன்ட்ரோல், ஆல்ட், பிரேக் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் கணினிக்கு கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அனுப்ப, டெலீட்டுக்குப் பதில் எண்ட்.

உண்மையிலேயே நீட்டிய திரைதான் வேண்டுமா?

சிலருக்கு வி.எம். மட்டுமல்ல, உலாவியும் வேறு ஜன்னல்களும் இரண்டாவது திரைக்குப் போக வேண்டும். அப்போது வி.ஆர்.டி.பி. உதவாது. இரண்டிலும் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால், திரையை வயரில்லாமல் அனுப்பும் மிராகாஸ்ட்டை முயலலாம். இரண்டாவது கணினியின் செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய் 'வயர்லெஸ் டிஸ்ப்ளே' என்பதைச் சேர்க்க வேண்டும். பிறகு 'சிஸ்டம்' பகுதியில் 'புரொஜெக்டிங் டு திஸ் பிசி' திறந்து அனுமதி கொடுங்கள். முதல் கணினியில் விண்டோஸ் பொத்தானும் கே-யும் அழுத்தினால் பட்டியலில் பழைய லேப்டாப்பின் பெயர் தெரியும். இணைந்ததும் விண்டோஸ் பொத்தானும் பி-யும் அழுத்தி 'எக்ஸ்டெண்ட்'. வி.எம். ஜன்னலை அந்தப் பக்கம் இழுத்துப்போட்டு, வலது கன்ட்ரோலும் எஃப்-உம் அழுத்தினால் முழுத்திரை. இரண்டு கணினியின் வைஃபை சிப்பும் மிராகாஸ்ட்டை ஆதரிக்க வேண்டும். பல பழைய லேப்டாப்கள் இங்கேயே கழன்றுகொள்ளும். அப்படியானால் ஸ்பேஸ்டெஸ்க் என்ற மென்பொருளைப் பாருங்கள். முதல் கணினியில் அதன் டிரைவர், இரண்டாவதில் அதன் வியூவர்.

இப்படி நீட்டிய திரை கிடைத்தபின் வி.எம்.முக்கே இரண்டு மானிட்டர் கொடுக்கலாம். 'டிஸ்ப்ளே' செட்டிங்ஸில் 'மானிட்டர் கவுண்ட்' 2 ஆக்கி, வீடியோ மெமரியையும் கூட்டுங்கள். முழுத்திரையில் ஓட்ட, மெய்நிகர் மானிட்டர்கள் எத்தனையோ அத்தனை நிஜத் திரைகளும் இருக்க வேண்டும்.

வெர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் வி.எம்.வேர் ஒர்க்ஸ்டேஷன் பயன்படுத்துகிறவர்களுக்கு: அதில் வி.ஆர்.டி.பி. இல்லை, திரையை அனுப்பும் இன்னொரு முறையான வி.என்.சி. இருக்கிறது. வி.எம். செட்டிங்ஸில் 'ஆப்ஷன்ஸ்' டேபில் 'வி.என்.சி. கனெக்ஷன்ஸ்'; வழக்கமான போர்ட் 5900. கடவுச்சொல்லைக் கட்டாயம் போடுங்கள். இரண்டாவது கணினியில் ஏதாவது ஒரு வி.என்.சி. வியூவர் போதும், ரெம்மினாவும் அதைப் பேசும்.

ஓடாவிட்டால்

திரை வருகிறது, ஆனால் விட்டு விட்டு வருகிறது என்றால் வைஃபையைச் சந்தேகியுங்கள். இரண்டு லேப்டாப்பையும் ரவுட்டருக்கு நெட்வொர்க் வயரில் இணைத்துப் பாருங்கள். ரவுட்டர் தூரத்தில் என்றால் இரண்டுக்கும் நடுவில் நேராகவே ஒரு வயர் போடலாம். முன்பு இதற்கு கிராஸ்ஓவர் என்று தனி வயர் வேண்டியிருந்தது. கிகாபிட் போர்ட்கள் அதைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 169.254 என்று தொடங்கும் ஏதோ ஒரு முகவரியை அவையே சூட்டிக்கொள்ளும். இந்த வயரையும் விண்டோஸ் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஈதர்நெட் செட்டிங்ஸில் பிரைவேட்டாக மாற்றுங்கள்.

வயர் போட்டும் மந்தமாக இருந்தால் குற்றவாளி நெட்வொர்க் அல்ல. வி.எம்.மைச் சாதாரணமாக ஜன்னலோடு திறந்து, கீழே வலது ஓரத்தில் ஆமைப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். சும்மா கிண்டலுக்குப் போட்ட படம் இல்லை அது. விண்டோஸின் சொந்த மெய்நிகர் கணினி வசதியான ஹைப்பர்-வி பின்னணியில் இயங்குவதால் வெர்ச்சுவல்பாக்ஸ் மெதுவான வழியில் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். எக்ஸ்பி மாதிரி இலேசான ஒன்றுக்கு ஆமையோடே காலம் தள்ளலாம், பெரிய வி.எம். என்றால் ஹைப்பர்-வியை நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

நேற்று ஓடியது இன்று ஓடவில்லையா? முதல் கணினியின் முகவரி மாறியிருக்கும். ரவுட்டர் அவ்வப்போது புது எண் கொடுக்கும். ரவுட்டரின் செட்டிங்ஸில் 'டி.எச்.சி.பி. ரிசர்வேஷன்' என்ற இடத்தில் முதல் கணினிக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். அதே ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்றும் ஒன்று இருக்கும். வெளியூரிலிருந்தும் எக்ஸ்பியைத் திறக்கலாமே என்று ஆசை வரும். 5001ஐ அதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அந்தக் கதவு முழு இணையத்துக்கும் திறந்தது.

நடுவில் திரை சட்டென்று உறைந்தால், முதல் கணினி தூங்கப் போயிருக்கும். ஹெட்லெஸ்ஸாக வி.எம். ஓடிக்கொண்டிருப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும். பவர் செட்டிங்ஸில் சார்ஜரோடு இருக்கும்போது தூங்க வேண்டாம் என்று இரண்டிலும் வையுங்கள். நாள் முழுக்கச் சார்ஜரில் கிடக்கப்போகும் பழைய லேப்டாப்பின் பேட்டரியையும் ஒரு தடவை பாருங்கள். அடிப்பாகமோ டச்பேடோ உப்பியிருந்தால் பேட்டரியைக் கழற்றும்வரை அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கடைசியாக, மூடும் முறை. ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலை மூடினால் திரைதான் போகும். எக்ஸ்பி முதல் கணினியில் தொடர்ந்து ஓடிக்கொண்டுதான் இருக்கும். டீ குடிக்கப் போகும்போது இது வசதி, திரும்பி வந்து இணைத்தால் விட்ட வரியிலேயே நிற்கும். இரவில் வேலையை முடித்து எழுந்திருக்கும்போது மட்டும், பேஜ்மேக்கரில் சேமித்து, எக்ஸ்பியின் ஸ்டார்ட் மெனுவிலிருந்தே அதை அணையுங்கள். முதல் கணினியின் வெர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் 'பவர்டு ஆஃப்' என்று வந்தபின் இரண்டு மூடியையும் சாத்தலாம்.